அனுசியா சொன்ன நிறம்

போன் அடித்தபோது அனுசியா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேலகரத்தில் அவள் வீட்டு முன்னறைதான் அறக்கட்டளை ஆம்புலன்சுக்குக் கட்டுப்பாட்டு அறை. ஒரு மேசை, ஒரு செல்போன், சார்ஜில் கிடக்கும் ஒரு வாக்கிடாக்கி, அவ்வளவுதான் ஆடம்பரம். யார் கூப்பிட்டாலும் விவரம் கேட்டுவிட்டு வண்டிக்கு ஒரு நிறத்தைச் சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் சைரன் போட்டுப் பறக்கணும். மஞ்சள் என்றால் சீக்கிரம் போகணும், சைரன் கூடாது. பச்சைக்கு அவசரமில்லை. டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்புகிறவர்களும் பச்சை, உயிர் போனவர்களும் பச்சை.

அனுசியாவுக்கு இளகின மனசு. அருவியில் வழுக்கி முட்டி சிராய்த்தவனுக்கும் சிவப்பு கொடுத்துவிடுவாள். "காக்கா கொத்துனாலும் இவ சிவப்புதாம்லே சொல்லுவா" என்று வண்டி ஓட்டும் அவள் புருஷன் வேல்ராஜ் மற்ற டிரைவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். குற்றால சீசன் தொடங்கியதிலிருந்து அவனுக்கு ஐந்தருவியில் ட்யூட்டி. இன்னொரு வண்டி அன்று தூரத்தில், வீரகேரளம்புதூருக்குப் போயிருந்தது.

போனில் அகமது கபீர். குத்துக்கல்வலசையில் வேல்ராஜின் அக்கா முப்பிடாதியம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். தாய் தகப்பன் இல்லாத வேல்ராஜை வளர்த்தது அந்த அக்காதான். பீடி சுற்றிய காசில் அவனுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

விடிந்து வெகுநேரமாகியும் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்ததால் உள்ளே போய்ப் பார்த்தார்களாம். அனுசியா பழக்கத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டாள். மூச்சு இல்லை. கூப்பிட்டால் அசைவு இல்லை. உடம்பில் சூடு இருக்கிறதா என்றும் கேட்டாள்.

"வெறச்சுப் போச்சும்மா. பக்கத்துத் தெரு நர்சு வந்து பாத்துட்டு, ராத்திரியே போயிருக்கும்னு சொல்லுதாங்க. வேலுகிட்ட எப்படிச் சொல்லப் போற?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தாநாள்தான் முப்பிடாதி மதினி வந்து, தோட்டத்தில் காய்த்தது என்று இந்த வெண்டைக்காயைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சிவப்பு என்று சொன்னால் வேல்ராஜ், அக்கா பிழைத்துக்கொள்வாள் என்று நம்பி, அந்தச் சாரலில், அருவியில் குளித்துவிட்டு ரோட்டை அடைத்துக்கொண்டு தலை துவட்டும் கூட்டத்துக்குள் பறப்பான். யார் மேலாவது ஏற்றிவிடுவான், இல்லை அவனே எங்காவது போய் முட்டுவான். பச்சை என்றால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தெரிந்துகொள்வான். வண்டியில் ஒத்தையாக இருக்கிறான், அழுதால் தோளைத் தொடக்கூட ஆள் கிடையாது. போன் போட்டு உள்ளதைச் சொல்லலாமென்றால் அவளுக்கு வாய் வராது. வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"வண்டி ஒண்ணு. குத்துக்கல்வலசை. உங்க அக்கா வீடு. மஞ்சள்."

சொன்ன நிறத்தை டிரைவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. வெறும் இரைச்சல்தான் கேட்டது. நெடுநேரம் கழித்து அவன் குரல் வந்தது.

"ஏட்டி, மஞ்சளா?"

"ஆமா. மஞ்சள்."

"சரி."

காக்கா கொத்தினவனுக்கே சிவப்பு கொடுக்கிறவள் சொந்த மதினிக்கு மஞ்சள் கொடுத்திருக்கிறாள். அது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஒரு பொய்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. வண்டி அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். போனையும் வாக்கிடாக்கியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

குற்றாலம் ரோட்டில் ஒரு சுற்றுலா வேனுக்குப் பின்னால், ஹாரன்கூட அடிக்காமல் ஆம்புலன்ஸ் வந்தது. அழைப்பில் போகிற வண்டி வழியில் எதற்கும் நிற்கக் கூடாது. மற்ற டிரைவர்களுக்கு அப்படிச் சட்டம் போட்டவன் வேல்ராஜ்தான்.

வண்டி அவள் வாசலில் நின்றது. உள்ளிருந்தபடியே இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுட்டி."

ஏறினாள். கையில் வெண்டைக்காய்ப் பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை. அவன் ரோட்டைப் பார்த்தபடியே வண்டியை எடுத்தான். ரோடு காலியாகத்தான் கிடந்தது. பழக்கத்தில் அவன் கை சைரன் பொத்தான் வரை போயிற்று. அழுத்தாமல் அதன் மேலேயே கிடந்தது.