கதவுக்கு அஞ்சு ஸ்டார்

எங்கள் கம்பெனி தலைமுடி எண்ணெய் விற்கிறது. அதைத் தேய்த்தால் முடி வளராது. இதைத் தெரிந்துகொள்ள டிகிரி வேண்டாம், மேனேஜரின் தலையைப் பார்த்தால் போதும்.

அந்தத் தலை அன்று காலை என் மேஜைமேல் குனிந்தது.

"சாயங்காலத்துக்குள்ள நம்ம வெப்சைட்டுல நிறைய ரிவ்யூ வரணும். நீயே எழுதிடு. ஆளுக்கொரு பேர் வச்சுக்கோ."

"யாரு சார் அவங்கல்லாம்?"

"யாரும் இல்லம்மா. அதனாலதானே உன்னை எழுதச் சொல்றேன்." குரலைத் தாழ்த்தினார். "உன் வேலையை நிரந்தரம் பண்ற ஆர்டர் என் மேஜையில இருக்கு. எழுதி முடிச்சுட்டு வந்து வாங்கிக்கோ."

எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதையாக, ஆர்டர் வருவதற்குள்ளேயே அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். அது கைக்கு வராமல் போனால் அவள் எந்த முகத்தோடு தெருவில் நடப்பாள்?

எழுந்து நின்று மேஜையைக் குத்தியிருக்க வேண்டும். கோபக்காரி என்றுதானே எனக்குப் பேர்? ஆனால் சாத்தான் என்னைக் கோபத்தில் பிடிக்கவில்லை, திறமையில் பிடித்தான். பொய் எனக்கு அவ்வளவு அழகாக வருகிறது! ஒரு பெண்ணை உண்டாக்கினேன். பிரசவத்துக்குப் பின் முடி கொட்டி, வீட்டுக் கண்ணாடியைத் துணியால் மூடி வைத்தவள். எங்கள் எண்ணெய் வந்தது. ஒரே மாதத்தில் புருஷனே அந்தத் துணியை உருவி எறிகிறான். படித்துப் பார்த்தேன், எனக்கே கண் கலங்கியது.

அப்போதுதான் பயமாக இருந்தது. சபைப் பெண்களின் ஜெபக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டினேன்: "ஆபீஸில் பெரிய சோதனை. ஜெபியுங்கள்."

அந்தக் குழுவை மேய்ப்பது என் சித்தி. உடனே போன் வந்தது.

"யாருடி அவன்?"

"அவன் இல்ல சித்தி. எண்ணெய்."

"எண்ணெயா?"

"எங்க எண்ணெயப் பத்தி ரிவ்யூ எழுதணுமாம். அப்பதான் ஆர்டராம்."

"அட, இவ்வளவுதானா! நீ கொடுத்த சாம்பிள் பாட்டில் எல்லார் வீட்டுலயும் இருக்கே. நாங்க பாத்துக்கறோம்."

"ஐயோ, அது இல்ல சித்தி..."

வைத்துவிட்டாள். ஆண்டவர் பேசினால் மட்டும்தான் முழுசாகக் கேட்கும் பொறுமை சித்திக்கு.

சோதனையில் விழவிடாதீர் என்று உதடு ஜெபித்தது. விரல் அதுபாட்டுக்கு அனுப்பும் பொத்தானை நோக்கி நகர்ந்தது. இரண்டையும் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிங்.

வெப்சைட்டில் முதல் ரிவ்யூ. சித்தியின் சொந்தப் பேர், தன் மெலிந்த சடையை முன்னால் போட்டு எடுத்த சொந்தப் படம்.

"எங்க பொண்ணு வேலை பாக்கிற கம்பெனி. நல்ல பொண்ணு, கோபம் வரும். எண்ணெய் தேய்த்தேன். முடி வளரவில்லை, இருந்ததிலும் கொஞ்சம் போனது. பீரோ கதவுக்கு விட்டேன், கிறீச் சத்தம் நின்றுவிட்டது. கதவுக்கு அஞ்சு ஸ்டார்."

டிங். தையல்கார அக்கா: "மெஷினுக்குப் போட்டேன், ஜோராக ஓடுகிறது. தலைக்குப் போட்டேன், எறும்பு வந்தது. கம்பெனிக்காக ஜெபிக்கிறோம்."

டிங். போதகரின் மனைவி, பாவம், நல்லதாக ஏதாவது சொல்லப் படாதபாடு பட்டிருந்தார்: "பாட்டில் மூடி மிக உறுதியானது."

கீபோர்டில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன். அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்து சீட்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு எப்படியாவது வேலை கிடைக்க வேண்டும் என்று துடிக்கிற கூட்டம் அது. அந்தத் துடிப்பிலும் ஒருத்திக்குக்கூடப் பொய் சொல்லலாம் என்று தோன்றவில்லை! என் கண்ணாடிக்காரியை அழித்தேன். போய்ச் சேர், தாயே.

மேனேஜர் அறையிலிருந்து கத்தல். போனேன்.

"என்னது இது, எறும்பு, பீரோ? சரி விடு. எதிரிக் கம்பெனிக்காரன் வேலைன்னு ஒரு வரி போட்டுடு. ரிவ்யூவே வேணாம். அந்த ஒரு வரிக்கு ஆர்டரைத் தர்றேன்."

பாருங்கள், சோதனைக்குக்கூடத் தள்ளுபடி!

"எதிரி இல்ல சார். எங்க சித்தி."

"சித்தியா?"

"பீரோ அவங்களோடது. மூடியைப் பாராட்டுனது எங்க போதகரம்மா. எல்லாம் உண்மை சார். நான் பொய் எழுத மாட்டேங்கறதும் உண்மை."

"அப்ப நாளையிலேருந்து வராதே!" ஆர்டரை டிராயருக்குள் எறிந்து ஓங்கித் தள்ளினார். டிராயர் கிறீச்சென்று பாதியில் நின்றது.

வாயைப் பொத்தினேன். பொத்தியும் நிற்கவில்லை. "ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க சார்."

வாசலுக்கு வந்தால், வெற்றியைக் கொண்டாடச் சித்தி வந்து நிற்கிறாள், பக்கத்தில் அம்மா. சிரிப்பு அப்படியே வற்றியது.

"வேலை போச்சும்மா. பொய் எழுதச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, நான் தெரு முழுக்க அந்த எண்ணெய் பிரமாதம்னு அளந்து வச்சிருக்கேனே! வா, வீடு வீடாப் போய் மாத்திச் சொல்லணும்."

சித்தி ஏற்கெனவே முன்னால் நடந்துகொண்டிருந்தாள், கையில் அரை பாட்டில் எண்ணெயோடு.

"அது எதுக்கு சித்தி?"

"எல்லார் வீட்டுலயும் கதவு இருக்குல்ல?"