ஒரு வாட் தூரம்

அண்ணன் மகனின் பண்ணைக் கொட்டகைப் பரணில் மண்டியிட்டிருந்த பெரென்டின் உயிரை அந்த ‘டிக்’ சத்தம் வாங்கியது. நொடிக்கு ஒன்று. கணினியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு செருகி, சன்னல் வழியே வெளியே போகும் ஆன்டெனா கம்பி, மற்றதெல்லாம் கணினிக்குள் மென்பொருள். வானொலிப்பெட்டி என்பது அவ்வளவுதான். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, அவன் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரே ஒரு வாட்டில் கிளம்பும் மத்திய அலை ஒலிபரப்பை அது பிடித்து இணையத்தில் விடவேண்டும். பிடித்தும் விட்டது. அக்கார்டியன் பாட்டும், காலையில் அவன் பதிவுசெய்து வைத்த சொந்தக் குரலும் கேட்டன. சனியன், கூடவே அந்த ‘டிக்’கும்.

இத்தனை பாடும் ஒரே ஆளுக்காக. அண்ணன் டெர்க், மனைவி போனபிறகு பண்ணையை மகன் நீக்கிடம் கொடுத்துவிட்டுக் கனடாவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனவர். மூன்று வருஷமாகத் தொலைபேசியில் “ம்”, “சரி” தவிர வேறில்லை. “அப்பா பேச்சையே விட்டுட்டார் சித்தப்பா” என்று மகள் அழுதாள். போன மாதம் பெரென்ட் தன் குட்டி வானொலி நிலையத்தை வீட்டுக் கணினியிலிருந்து நேராக இணையத்தில் விட்டு, அவரைக் கேட்கச் சொன்னான். “கடைல போடுற பாட்டாட்டம் இருக்கு” என்று மூடிவிட்டார். அந்த வருஷம் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். அதையே பிடித்துக்கொண்டு பெரென்ட் இதில் இறங்கினான்: அலை ஊர்க்காற்றில் வந்து, அண்ணன் பிறந்த பண்ணையில் இறங்கி, அங்கிருந்து போகட்டும். இதற்கும் அவர் வாய் திறக்காவிட்டால் அவனிடம் வேறு வழி இல்லை.

இணைப்பை அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, இரைச்சலை வடிகட்டும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

“டேய், மாட்ட வெளிய விட்டாச்சா?”

அண்ணனேதான். “இன்னிக்குக் காலைலதாண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“டிக் டிக்னு மாட்டுவேலில கரண்ட் ஓடுறது கேக்குதே. நல்ல வேலின்னா ரேடியோவுல கேக்காதுடா. எங்கயோ கம்பியத் தாங்குற பீங்கான் விரிசல் விட்டு, கம்பி கம்பத்து இரும்ப நக்குது. வாய்க்கா பக்கம் போய்ப் பாரு, மாடு அங்கதான் உரசும்.”

கீழே நின்ற நீக் தலையில் கைவைத்துக்கொண்டான். “பக்கத்து ரூம்ல இருந்தப்பதான் என் உயிர எடுத்தாரு. இப்ப ஏழாயிரம் கிலோமீட்டர்லேர்ந்துமா?”

வாய்க்கால் ஓரம் ஐந்தாவது இரும்புக் கம்பத்தில் பீங்கான் இரண்டாகப் பிளந்திருந்தது. தளர்ந்த கம்பி இரும்பைத் தொடப்போகும் இடத்தில், பட்டப்பகலிலும் தெரியும்படி, மிளகளவு நீலப்பொறி. நொடிக்கு ஒன்று. இந்த மிளகளவு நெருப்பை, கடல் தாண்டிக் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவர் காதால் பார்த்திருக்கிறார்.

“இருக்குண்ணே. சொன்ன இடத்துலயே இருக்கு.”

“ஈரக் கைய வெச்சுத் தொலைக்காத. காஞ்ச கட்டையால தூக்கு.”

நீக் கொண்டுவந்த வைக்கோல் வாரியின் காய்ந்த பிடியால் பெரென்ட் கம்பியை நெம்பித் தூக்கினான். பொறி நின்றது. ஆனால் தொலைபேசிக்குள், அண்ணன் வீட்டுச் சமையலறையில், டிக், டிக் என்று அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே செத்த பொறி அங்கே உயிரோடிருந்தது. இணையம் அவ்வளவு தாமதம். பெரென்ட் மூச்சுவிடாமல் எண்ணினான். ஏழு. எட்டு. ஒன்பது.

அங்கும் நின்றது. சுத்தமான பாட்டு மட்டும் கேட்டது. அழகாகத்தான் இருந்தது.

“புதுப் பீங்கான மாட்டிடறேன்” என்று நீக் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தான்.

“பெரென்ட்,” என்றார் டெர்க். “அத இப்ப மாட்டாதீங்க. மறுபடி கடைப் பாட்டாட்டம் ஆயிருச்சு. கம்பிய கீழ விடு.”

நீக் பீங்கானோடு அப்படியே நின்றான். பெரென்ட் கட்டையை மெல்ல இறக்கினான். நீலப்பொறி தாவியது. தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, அது அங்கே போய்ச் சேருவதற்காக, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான்.