சுவரைப் பார்த்து நின்ற கார்கள்

அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று காலை, ஊரிலிருந்த அந்தக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் அத்தனையும் கொட்டகைக்குள்ளேயே திரும்பி, சுவரைப் பார்த்து நின்றன. எப்போதும் வாசலைப் பார்த்தே நிறுத்தப்படுபவை. கதவைத் திறந்தால் சுவரில் இடிக்கும் கொட்டகையில் எப்படித் திரும்பின என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்டார்கள்; உள்ளூரில் கவலை, அடுத்த வாரக் கடைசியில் நடக்கவேண்டிய கார்ச் சங்கக் கூட்டத்தைப் பற்றியது.

ஆண்டுதோறும் அந்த இரண்டு நாள் கூட்டத்தை நடத்துபவர் பல் டாக்டரம்மா. சங்கத்து உறுப்பினர்கள் எல்லோரும் அவரிடம்தான் பல் பார்த்துக்கொண்டார்கள். பந்தல் வடக்கிலா தெற்கிலா, மலைப்பாதையில் யார் முன்னே போவது என்பதெல்லாம் அவர்கள் வாயில் பஞ்சு இருக்கும்போதே கேட்டு முடிவாகும். ஒரு தீர்மானத்தையும் ஒருவரும் எதிர்த்ததில்லை. அவருடைய சிவப்பு இரண்டு சீட்டு வண்டி மலை வளைவில் திரும்பும் அழகுக்கு, எதிரே வந்த லாரிகள் ஓரங்கட்டி நின்று, அது போன பிறகும் கிளம்ப மனமில்லாமல் முனகியதுண்டு. இந்த ஆண்டு கூட்டம் நின்றால் மைதானம் மெத்தைக் கண்காட்சிக்குப் போய்விடும்; போனால் போனதுதான். டாக்டரம்மா மெக்கானிக்கைத் தன் கொட்டகைக்கு வரவழைத்தார்.

"என்ன மெக்கானிக்கே, பேட்டரியா?"

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு டாக்டரம்மா. வண்டி கோவிச்சுக்கிட்டு இருக்கு. யாரு என்ன சொன்னீங்க?"

டாக்டரம்மா அழைப்பிதழை எடுத்து உரக்கப் படித்தார். வாசகம் அவருடைய கொழுந்தன் எழுதியது: 'பழைய கார்களின் சங்கமம்.' காரின் வைப்பர் ஒருமுறை அசைந்தது; கண்ணாடி உள்பக்கம் நனைந்திருந்தது.

"பழசைப் பழசுன்னுதானே அண்ணி..." என்று கொழுந்தன் முடிப்பதற்குள் ஊரிலுள்ள கொட்டகைகள் எல்லாவற்றிலும் ஹாரன் அலறியது.

"வாயை மூடு தம்பி. என் தொழில்ல ஒருத்தரை வாயை மூடச் சொல்றது இதுதான் மொத தடவை."

பிறகு வார்த்தை தேடும் படலம். 'தொன்மையான' என்றதும் பேக்கரிக்காரரின் மஞ்சள் வண்டி, யாரோ தன்னைத் தோண்டி எடுத்ததுபோல உடம்பெல்லாம் மண்ணை உதிர்த்தது. 'மூத்த' என்றதற்குப் பள்ளிக்கூடத்து டீச்சரின் நீல வண்டி நாலு டயரிலும் காற்றை இறக்கிக்கொண்டது. கடைசியில் டாக்டரம்மா, சொத்தைப் பல்லைப் பிடுங்குவதுபோல அந்த வார்த்தையையே பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'கார்கள் வருகின்றன. உரிமையாளர்களும் உடன் வரலாம்.'

சனிக்கிழமை காலை கார்கள் வந்தன. எதுவும் சாவிக்குக் காத்திருக்கவில்லை. உரிமையாளர்கள் பக்கத்து சீட்டில், மடியில் கைவைத்து, விருந்துக்கு அழைத்துப்போகும் பிள்ளைகள்போல உட்கார்ந்திருந்தார்கள். மலை வளைவுகளில் அவை சாய்ந்து திரும்பிய நேர்த்தியைக் கண்டு மலையே கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. மைதானத்தில் பந்தலுக்குக் கீழே இறக்கிவிடப்பட்டவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வரிசையாக நிற்க, கார்கள் மெதுவாக அவர்களைச் சுற்றிப் பார்த்து வந்தன. நரையில்லாதவர் முன் அதிக நேரம் நிற்கவில்லை. டாக்டரம்மாவின் முன் ஒரு கூட்டமே கூடிவிட்டது.

இப்போதெல்லாம் ஏற்பாடு சுலபம். உரிமையாளர்கள் பிறந்த ஆண்டு வாரியாக நிற்கிறார்கள், துணி தேய்த்து, காலணி துடைத்து. டாக்டரம்மாவுக்கு முன்வரிசை. இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்கிறார். ஆனாலும் வெளிச்சம் நன்றாக விழும் பக்கம் முகத்தைத் திருப்பித்தான் நிற்கிறார்.