பின்னல் போன நாள்

கலிபோர்னியாவின் மான்டெரே கோட்டையில் அன்று மதியம் ஸ்பெயின் ராஜாவின் கொடி இறங்கி, மெக்சிகோவின் கொடி ஏறியது. சாயங்காலம் சிப்பாயான என் புருஷன் அன்செல்மோ பாடிக்கொண்டே வந்து, வெட்டியெடுத்த தன் தலைப்பின்னலை என் மடியில் போட்டான்.

"ராஜா போயிட்டான், பெனீதா! அவன் உத்தரவுக்கு வளர்த்த பின்னலும் போச்சு! இனிமே எந்தச் சிப்பாய்க்கும் பின்னல் கிடையாது!"

நான் போட்ட ஓலத்தில் நாய்கள் குரைத்தன. பக்கத்து வீட்டிலும் ஓலம் கேட்டது. அங்கேயும் பின்னல் வந்து சேர்ந்துவிட்டது போலும்.

ராஜாவுக்காக யார் அழுதது? தினமும் காலையில் அன்செல்மோவுக்குப் பின்னிவிடும்போதுதான் எனக்கு வேண்டியதைக் கேட்பேன். மறுத்தால் ஒரே இழுப்பு. கறவைப் பசு, அடுக்களைக் கதவு எல்லாம் அப்படி வந்தவைதான்.

அவன் மொட்டைப் பிடரியைத் தடவிக்கொண்டான். "எல்லைப்பக்கம் நமக்கு நிலம் தரப்போறாங்க. குன்று உச்சியில வீடு கட்டுவேன்."

"தண்ணி யாரு சுமக்கிறது, உங்கப்பனா? ஓடைக்கரையில கட்டுய்யா."

"முடியாதுடி. நான் இப்ப சுதந்திர மனுஷன்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அவன் மீசையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஐயோ! ஓடைக்கரை! ஓடைக்கரையிலதான்!"

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரனும் அலறினான்.