ஜூடித்தின் காதுபட

வலது கை விறைத்துப்போய்க் கோட்டுக்குள் நுழைய மாட்டேனென்றது. "கொஞ்சம் மடக்குடா" என்று பழக்கத்தில் அதட்டிவிட்டாள் அல்போன்சா. பிறகு தோளை நீவி நீவி, செத்துக் கிடந்த தம்பிக்குக் கோட்டை மாட்டினாள். சுரத்தில் கிடந்தவனுக்கு வாரம் முழுக்கக் கண்விழித்தவள். அழக்கூட உடம்பில் தெம்பில்லை.

பட்டாளத்துக்குச் சட்டை தைத்துப் பிழைத்தவன் ஆம்ப்ரோஸ். பிரேசர் டவுன் வீட்டில், துணி வெட்டும் மேசைமேலேயே அவனைக் கிடத்தியிருந்தது. சுவரோரம் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலில் அவன் மனைவி கேத்தரின் வந்து நின்றாள், மகள் ஜூடித்தின் கையைப் பிடித்துக்கொண்டு. அவனை விட்டுப் பிரிந்துபோய் நீலசந்திராவில் டீச்சர் வேலை பார்க்கிறவள். ஞாயிறு பூசை முடிந்ததும் குழந்தை மட்டும் அப்பாவிடம் வரும்; விளக்கு வைக்குமுன் போய்விடும்.

"வந்துட்டா மகராசி." சித்தி பெர்னதெத் அல்போன்சாவின் தோளை இடித்தாள். "எடுடி பாட்ட. கூடப்பொறந்தவ நீ கேக்காம வேற யாரு கேக்கறது?"

கேட்க நிறைய இருந்தது. ஒப்பாரியில் வைத்துக் கேட்டால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். அல்போன்சா மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள்.

"மாலமாத்திக் கூடவந்தவ
மருந்து குடுக்க வரலியே..."

பெண்கள் தலையை ஆட்டினார்கள். ஜூடித் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தது.

"அம்மா, அத்தை உன்னயா திட்டறாங்க?"

"இல்லம்மா. அப்பா போயிட்டாருல்ல, அந்த வருத்தத்துல அழறாங்க. அழட்டும்."

அல்போன்சா பாட்டை நிறுத்திவிட்டாள். முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்குச் சடை பின்னும்போது அதன் அம்மாவைப் பற்றி ஏதோ முணுமுணுத்தாள். ஆம்ப்ரோஸ் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டான். "வேணாங்க்கா. எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். அது கொழந்த காதுல விழக்கூடாது" என்றான். கேத்தரின் வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது. அப்பா பேரைச் சொல்லித்தான் ராத்திரி ஜெபத்தை முடிப்போமென்று குழந்தையே சொல்லியிருக்கிறது.

"என்னடி நின்னுட்ட? கேளு" என்றாள் பெர்னதெத்.

அல்போன்சா மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

"மிச்சம் விழுந்த துணியிலெல்லாம்
மகளுக்குக் கவுனு தச்சவனே,
பொம்மைக்கும் ஒண்ணு தச்சியே,
போறேன்னு சொல்லலியே..."

"இதென்ன, தாலாட்டாட்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டே பெர்னதெத் வெற்றிலைப் பையைத் தேடினாள்.

"அது நீலக் கவுனு, அத்தை" என்றது ஜூடித். அதற்கப்புறம்தான் அதற்கு அழுகை வந்தது.

கேத்தரின் இன்னும் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். அல்போன்சா சுவரோரம் ஒடுங்கிக்கொண்டு, பக்கத்துப் பாயைத் தட்டினாள்.

"எத்தன நேரம் நிப்ப? கொழந்தையக் கூட்டிட்டு வந்து உக்காரு."

"சரிங்க அண்ணி."

அடக்கப் பூசைக்குச் சாமியார் வர நேரமாகுமென்றார்கள். அழுது ஓய்ந்த குழந்தை இருவருக்கும் குறுக்கே படுத்துத் தூங்கிப்போனது. தலை அம்மா மடியில், கால் அத்தை மடியில். அல்போன்சாவின் தொடை மரத்துப்போனது. அவள் நகரவில்லை.