மாற்றி எடுத்த அட்டை

எங்கள் சபையில் புது வருட ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளத்தில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று. கண்ணை மூடி ஜெபித்து எடுக்க வேண்டும். எந்த வசனம் கைக்கு வருகிறதோ அது அந்த வருடம் முழுக்க அவருக்குக் கர்த்தர் கொடுத்த வாக்கு. ஊரில் இல்லாதவர்களுக்கு வீட்டார் எடுக்கலாம். எழுபத்தொன்றாம் வருடம் பிறந்தபோது என் வீட்டுக்காரர் மோசஸ் லாரியோடு விஜயவாடாவில் கிடந்தார். அவருக்கும் சேர்த்து நானே எடுத்தேன்.

முதலில் எனக்கு. தண்ணீரைக் கடந்தாலும் கூடவே இருப்பேன் என்கிற மாதிரி ஒரு வசனம். அடுத்தது அவருக்கு. பொறுமையாய்க் காத்திரு என்று வந்தது.

நான் கும்மிடிப்பூண்டி சந்தையில் மிளகாய் விற்ற சுப்பராயன் மகள். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஞானஸ்நானம் எடுத்தேன். அந்தத் தண்ணீரில் பாவம் போயிருக்கும், சந்தை போகவில்லை. மாதத்தில் இருபது நாள் கல்கத்தா ரோட்டில் ஆறு ஆறாகத் தாண்டுகிறவருக்குக் காத்திரு என்ற சரக்கு எதற்கு? எளாவூரில் அடுப்பு ஊதுகிற எனக்குத் தண்ணீர் வசனம் எதற்கு? கோயில் படி இறங்குவதற்குள் இரண்டையும் மாற்றிக்கொண்டேன். யாருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம். அவர் வந்ததும் தண்ணீர் அட்டையைக் கொடுத்தேன். முத்தமிட்டுக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாற்றியதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

ஐப்பசியில் கல்கத்தாவுக்கு லோடு ஏற்றிப் போனார். பன்னிரண்டு நாளில் திரும்பிவிடுவார். எளாவூர் செக்போஸ்டில் வண்டி நின்றதும் மூன்று தடவை ஹாரன் அடிப்பார், நான் தூக்குச்சட்டியில் சாதத்தோடு ஓடுவேன். இந்தத் தடவை பன்னிரண்டு போய்ப் பதினைந்து ஆயிற்று. ஒரிசாப் பக்கம் புயல், வெள்ளம் என்று ரேடியோவில் சொன்னார்களாம். செக்போஸ்டுக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருக்கும் செங்கம்மாள் அக்காதான் வந்து சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் வசனம் அவருக்கு விழவே இல்லை. வேறு பெயருக்கு எழுதிய ரசீதைக் கையில் கொடுத்து ஆளை ஆற்றில் இறக்கிவிட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து நெஞ்சு, நின்ற லாரியின் எஞ்சின் மாதிரி எங்கும் போகாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. சோறு இறங்கவில்லை. எந்த ஹாரன் கேட்டாலும் கால் தானாக ரோட்டுக்கு ஓடியது.

"இன்னாடி குணசுந்தரி, வர்ற லாரிக்கெல்லாம் நீதான் பொண்டாட்டியா?" என்றாள் செங்கம்மாள். "உங்க சாமிகிட்ட சொல்லிக்கினு ஒரு எடத்துல குந்தேன்."

சொல்லாமலா இருந்தேன்? மூன்று நாள் உபவாசம் இருக்கிறேன், அவரை அனுப்பி வையும் என்றேன். பிறகு ஐந்து நாள் என்றேன். காபியை விடுகிறேன், செங்கம்மாளோடு சண்டை போடுவதையும் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டே போனேன். கர்த்தர் பதிலுக்கு ஒரு விலை சொல்லவில்லை. சந்தையில் என் அப்பா பயந்தது, கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்கிற ஆளுக்குத்தான்.

பதினேழாம் நாள் காலையில் எங்கள் சபை உபதேசியாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டார். இப்படி ஒரு கேஸ் அவருக்கு வந்ததில்லை.

"மாத்திட்டியா? ரெண்டையும் எடுத்தாம்மா, ஜெபம் பண்ணித் திரும்ப மாத்திக்கலாம்."

"ஒண்ணு அவரு பையில கீது ஐயா."

"அப்ப அவரு வரட்டும்."

"அவரு வர்றதுக்குத்தான் ஐயா மாத்தணும்."

அவர் பெஞ்சைச் சுவரோரம் தள்ளினார். பிறகு என்னோடு முழங்காலில் நின்றார். அவரும் பயந்துபோய்த்தான் ஜெபித்தார் என்று குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் பயப்படுகிற ஆள் பக்கத்தில் ஒருவர் இருந்தது நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அவர் வாசனை வேண்டியிருந்தது. ஈஸ்டர் சமயத்தில் காலர் கிழிந்ததால் துவைக்காமலே மடித்துப் போட்ட காக்கிச் சட்டை அடியில் இருந்தது. முகத்தில் வைத்து அழுத்தினேன். டீசலும் வியர்வையும் மூக்குப்பொடியும் அப்படியே இருந்தன. கன்னத்தில் ஏதோ விறைப்பாகக் குத்தியது. பையில் கைவிட்டேன். தண்ணீர் அட்டை.

மாறிப்போன அட்டைகூட இல்லாமல் போயிருக்கிறார். அப்புறம் விரல் விட்டு எண்ணினேன். ஈஸ்டருக்குப் பின்னால் எட்டு நடை போய் வந்திருக்கிறார். கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி, பெயர் தெரியாத எத்தனையோ. அட்டை பெட்டிக்குள் பாச்சை உருண்டையோடு கிடந்தது. அப்படியானால் எட்டு நடையும் அவர் கூடப் போனது யார்?

சட்டையை மடியில் விரித்து இரண்டு அட்டைகளையும் அதன்மேல் வைத்தேன். காத்திரு என்பதை எனக்கென்று நானே எடுத்துக்கொண்டு, அதை ஒரு நாள்கூடச் செய்யவில்லை. ஓடத்தான் ஓடினேன். அன்று முதல் தடவையாக விலை பேசாமல் ஜெபித்தேன். ஆண்டவரே, கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. எனக்கு அவர் வேண்டும். பயமாக இருக்கிறது, கூட இரும். அவ்வளவுதான் வந்தது. நெஞ்சுக்குள் எஞ்சின் நிற்கவில்லை, சத்தம் மட்டும் கொஞ்சம் தணிந்தது.

மத்தியானம் சாதம் வடித்துத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு செங்கம்மாள் கடைக்குப் போனேன். சூலூர்பேட்டை டிரைவர் முனிகிருஷ்ணன் இட்லி தின்றுகொண்டிருந்தான். வடக்கே பாலம் உடைந்ததால் பாதியில் திரும்பி வந்தவன்.

"மோசஸ் நைனாவைப் பாக்கலக்கா. நான் இந்தாண்ட, வண்டிங்க அந்தாண்ட. நூறு எரநூறு வண்டி மேட்டுல ஏறி நிக்குது. தண்ணி வடிஞ்சாத்தான் வரும். ஒரே ஹாரன் சத்தம், பேஜாரு."

"மூணு தடவை அடிச்சிதா?"

"நான் இன்னா, குந்திக்கினு எண்ணினேனா?"

செங்கம்மாள் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கால் எழுந்தது. கூட இரும் என்றேன், உட்கார்ந்தேன். ஒரு தடவை அடித்துவிட்டு அது தெற்கே போயிற்று.

"அக்கா, ஒரு தட்டு குடு."

தூக்குச்சட்டியைத் திறந்தேன். பாதிச் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டேன். மீதியை அமுக்கி, மூடியை இறுக்கி, சூடு ஆறாமல் இருக்க முந்தானையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.