காம்பின் மேல் ஓர் இலை

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினாள் தையல்காரரின் மனைவி. புருஷனின் உடல் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது; இவளோ காளான் பறிக்க மலையேறுகிறாள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரிதான். மெல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

"கடைசியா ஒரு தடவை அந்தக் காளான் வாசனை வேணும்" என்று போன வாரம் புருஷன் கேட்டார். இருபது வருஷமாக மூச்சுவிடாத இடத்தை அன்றுதான் சொன்னார்: ஓடைக்கு மேலே, இடி விழுந்த மரத்துக்குப் பின்னால். கூடவே, "அண்ணன் என் சாவுக்கும் வரக்கூடாது. சொல்லி அனுப்பாதே" என்றார். ஓர் இலையுதிர் காலத்தில் அந்த இடத்துக் காளான்களையெல்லாம் அண்ணன் ஒட்டப் பறித்துவிட்டார் என்று மூண்ட பகை. அவள் தலையாட்டியிருந்தாள். மழை விட்டதும் பறித்து வரலாம் என்றிருந்தாள்; அதற்குள், நேற்று, போய்விட்டார்.

பனிக்குள் மரங்கள் நடப்பது போலவும் தான் நிற்பது போலவும் இருந்தது. பழுத்த இலைகள் சத்தமில்லாமல் இறங்கின. இடி விழுந்த மரத்தடியில் யாரோ குந்தியிருந்தார். அதே முதுகு. அவரேதான் என்று ஒரு கணம் நெஞ்சு துள்ளியது.

திரும்பியது அண்ணன்.

"நீயா? அவன் எங்க? இந்த வருஷம் ஒண்ணுகூட வெட்டலையே. படுத்துட்டானா?"

புருஷனிடம் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. "நீங்க இங்க என்ன பண்றீங்க, மாமா?"

பெரியவர் திருட்டு முழி முழித்தார். "அன்னிக்கு எடுத்தது நான்தான். அதுக்கப்புறம் ஒண்ணையும் தொட்டதில்ல. அவன் அவசரக் குடுக்கை, வெட்டின காம்பு மேல இலை போட மாட்டான். வெள்ளையாத் தெரிஞ்சா இடம் ஊருக்கே தெரிஞ்சிடும். அவன் போனப்புறம் வந்து மூடிட்டுப் போவேன்."

'என் இடத்தைக் காடே காவல் காக்குதுடி' என்று புருஷன் வருஷா வருஷம் மார்தட்டுவாரே! சிரிப்பு வந்தது அவளுக்கு. பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

புருஷனின் கத்தியால் நாலு காளான்களை வெட்டிக் கூடையில் போட்டாள். காம்புகளை அப்படியே விட்டு எழுந்தாள்.

"மூணு மணிக்கு எடுக்கறாங்க, மாமா. வந்துடுங்க."

அவர் நிமிரவில்லை. ஓர் இலையை எடுத்துக் காம்பின் மேல் வைத்தார். அடுத்ததற்கு இன்னொன்று. நாலாவது இலையை வைத்த கை அங்கேயே இருந்தது.